இரண்டு மணிக்கும் ஐந்தரைக்கும் இடையில்: டாவோஸ் நகரத்துக்கு ஒரு குசினிக்காரனின் திறந்த மடல்

மதிப்புக்குரிய டாவோஸ் நகரசபையினருக்கும், இங்கே உணவகமும் ஹோட்டலும் நடத்துபவர்களுக்கும், மலை ஏற்றிகளையும் ஐஸ் தளத்தையும் சறுக்குப் பாதைகளையும் பார்த்துக்கொள்பவர்களுக்கும்,

வணக்கம்.

இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன். டொச்சில், அதாவது ஜெர்மனில், எழுதத் தெரியாமல் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் இங்கே இருப்பவனுக்கு ஒரு முறைப்பாடு எழுதுமளவுக்காவது டொச் வராதா? ஆனால் உங்களில் பலருடைய குசினியில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவராவது இருப்பார். அவரைக் கூப்பிட்டு வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். கை ஈரமாக இருக்கும், துவாயைக் கொடுங்கள். ஒரு கதிரையும் போடுங்கள். நான் கேட்கப்போவதில் கால்வாசி அதிலேயே நடந்துவிடும்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். 1991இல், இருபத்தொரு வயதில் சுவிஸுக்கு வந்தேன். 1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்து சேர்ந்த எங்களுக்கு முதலில் திறந்த கதவு பெரும்பாலும் உணவகங்களின் பின்கதவுதான். 'கோப்பை கழுவிறது' என்று நாங்கள் சொல்வோம். கோப்பை மட்டுமா? சட்டி, தட்டம், அகப்பை, நிலம், குப்பைவாளி எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். அகதி விண்ணப்பக்காரனுக்கு 'என்' அட்டை, தற்காலிகமாக இருக்கவிட்டால் 'எஃப்', பிறகு 'பி', கடைசியில் 'சி'. இந்த நாட்டில் நாங்கள் அரிச்சுவடி படித்த வரிசை இதுதான். கோப்பையிலிருந்து மரக்கறி வெட்டுவதற்கும், அங்கிருந்து அடுப்புக்கும் வர எனக்கு ஒன்பது வருடம் பிடித்தது. இப்போது உங்கள் ஊரில் ஓர் உணவகத்தில் சமைக்கிறேன். பெயர் வேண்டாம். நல்ல இடம்தான், சம்பளம் பிந்துவதில்லை.

டாவோஸுக்கு வருகிற விருந்தாளி ரயிலைவிட்டு இறங்கியவுடன் பார்ப்பது 1560 மீட்டர் உயரத்தில் வெள்ளையாக விரிந்து கிடக்கும் ஒரு நகரத்தை. நாங்கள் டிசம்பரைப் பார்ப்பது குப்பைவாளியின் பிடியில். குசினிக்குள் நாற்பது பாகை வெக்கையில் கைச்சட்டை நனைய நிற்போம். பை நிரம்பிவிட்டது என்று பின்கதவைத் திறந்தால் வெளியே மைனஸ் பதினைந்து. இரண்டு கைகளிலிருந்தும் ஆவி எழும்பும், ஏதோ எங்களையே அவித்து இறக்கியதுபோல. அவசரத்தில் ஈரக்கையால் இரும்புப் பிடியைப் பிடித்தால் விரல் அப்படியே ஒட்டிக்கொள்ளும். இழுக்கக்கூடாது, கைக்கு மேல் வாயை வைத்து ஊதி ஊதித்தான் எடுக்கவேண்டும். முதல் வருடம் இதை எனக்குச் சொல்லித்தர ஆள் இருக்கவில்லை. இப்போது புதிதாக வரும் தம்பிமாருக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான், கத்தி பிடிப்பதை அல்ல.

சரி, விசயத்துக்கு வருகிறேன்.

காலை ஒன்பதரைக்கு உள்ளே போவோம். பகல் சாப்பாடு முடிந்து, அடுப்பைத் துடைத்து, நிலத்தைக் கழுவிவிட்டு நிமிர்ந்தால் மணி இரண்டு. மறுபடி ஐந்தரைக்கு நிற்கவேண்டும். நடுவில் இருக்கும் மூன்றரை மணி நேரத்துக்கு நம்முடைய தொழிலில் ஒரு பெயர் உண்டு: சிம்மர்ஸ்டுண்ட. 'அறை நேரம்' என்பது அதன் நேர்ப்பொருள். மேல்மாடியில் உனக்குத் தந்த அறையில் போய்ப் படுத்துவிட்டு வா என்பதுதான் கருத்து. எனக்கு அப்படி அறை கிடையாது. வீடு கீழே பள்ளத்தாக்கில், சிவப்பு ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல். போனால் வாசற்கதவைத் தொட்டுவிட்டுத் திரும்பலாம். ஆகவே களஞ்சிய அறையில் மாமூட்டைக்கும் உருளைக்கிழங்குப் பெட்டிக்கும் இடையில் ஒரு மடக்குக்கட்டில் போட்டுக்கொள்வேன். வேறு சிலர் ரயில் நிலையத்தில் இருப்பார்கள். சிலர் பேரங்காடியில் ஒரு கோப்பியை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் கைபேசியைப் பார்ப்பார்கள். இந்த நேரத்துக்குச் சம்பளம் இல்லை. அது வேலை நேரமல்ல. எங்கள் துறையின் கூட்டு ஒப்பந்தம் வாரத்துக்கு 42 மணி, பருவகால நிறுவனமென்றால் 43.5 மணி என்கிறது. அந்தக் கணக்கில் சிம்மர்ஸ்டுண்ட வராது. வீட்டுக் கணக்கிலும் வராது. என் மனைவி ஒருமுறை கேட்டாள், "அப்ப அந்த மூண்டரை மணித்தியாலம் ஆற்றை?" என்று. யாருடையது என்று எனக்கும் பதில் தெரியவில்லை.

இப்போது நீங்கள் ஒன்றைக் கவனியுங்கள். டாவோஸில் குளிர்காலத்தில் வெயில் நன்றாக விழுவது எப்போது? பகலில். பகல் சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் அடுப்படியில் நிற்கிறோம். ஐந்துக்கெல்லாம் இருட்டிவிடும். வாரநாட்களில் இரண்டரைக்கும் நாலரைக்கும் இடையில் நான் ஐஸ் தளத்தைத் தாண்டி நடந்திருக்கிறேன், ஒருமுறை இருமுறை அல்ல. விடுமுறை வாரங்களைத் தவிர்த்துப் பார்த்தால், அந்தப் பெரிய வெள்ளைத் தளத்தில் பத்துப் பேர் சுற்றினால் அதிகம். வேலியின் இந்தப் பக்கத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட சமையற்கார கால்சட்டையோடு இரண்டு மூன்று பேர் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டு நிற்பார்கள். காலியான தளம் ஒரு பக்கம், காலியான நேரம் மறுபக்கம். நடுவில் ஒரு நுழைவுச்சீட்டும் வாடகைச் சப்பாத்தும்.

நான் கேட்பது இவ்வளவுதான். குசினியிலும் சலவையிலும் அறை துப்புரவிலும் வேலை செய்கிறவர்களுக்கு, குளிர்காலம் முழுவதும், வாரநாட்களில் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை ஐஸ் தளத்தையும் சறுக்குவண்டிப் பாதையையும் இலவசமாகத் திறந்துவிடுங்கள். சப்பாத்தும் வண்டியும் இரவல் கொடுங்கள். இரவு தங்குகிற விருந்தாளி தங்கல் வரி கட்டுகிறார், அதற்கு ஓர் அட்டை கொடுக்கிறீர்கள், அதைக் காட்டி அவர் பஸ்ஸில் சும்மா போகிறார். அதேபோல எங்களுக்கும் ஓர் அட்டை. நாங்களும் இரவு வரையில் இங்கே தங்குகிறவர்கள்தான், படுக்கைதான் வேறு இடத்தில்.

சிரிப்பு வருகிறதா? வரட்டும். ஆனால் இந்த ஊரின் கதையைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால் நான் கேட்பது புதுமையே இல்லை.

டாவோஸைக் குளிர்கால ஊராக்கியவர் யார்? அலெக்சாண்டர் ஸ்பெங்லர். மன்ஹைமில் பிறந்தவர். 1849இல் பாடன் புரட்சி தோற்றபோது தப்பி ஓடிவந்த அரசியல் அகதி. சூரிச்சில் மருத்துவம் படித்து 1853இல் இங்கே வைத்தியராக வந்தார். எங்களுடைய மொழியில் சொன்னால், 'என்' அட்டைக்காரர். கசநோய்க்காரர்களுக்கு மலைக்காற்று நல்லது என்று அவர் சொல்லப்போய், 1865 பெப்ரவரியில் இரண்டு ஜெர்மன் நோயாளிகள் பனிக்காலத்தில் வந்து இறங்கினார்கள். குளிர்காலத்தில் மலைக்கு எவன் வருவான் என்றிருந்த காலம் அது. அவர் எழுதிக்கொடுத்த மருந்தில் பாதி சாப்பாடு: பால், இறைச்சி, வெல்ட்லின் வைன். மீதி, மலைக்காற்று. போர்வைக்குள் சுருண்டு வெளியே குளிரில் கிடப்பதும் இந்த ஊர் வைத்தியத்தில் சேர்ந்துகொண்டது. நீங்கள் இன்று வெளி முற்றத்தில் ஆட்டுத்தோல் விரித்து, கம்பளி போர்த்தி, விருந்தாளிக்குச் சூடாகக் கொடுக்கிறீர்களே, அது வைத்தியசாலை மாடியிலிருந்து இறங்கிவந்த பழக்கம்தான். வருத்தம் போய்விட்டது, போர்வை மட்டும் நின்றுவிட்டது. 1890இல் டாவோஸ் வரைக்கும் ரயிலைக் கொண்டுவரப் பாடுபட்ட ஹோல்ஸ்போயரும் ஒல்லாந்தர். மனைவியின் நோய்க்காக வந்து தங்கியவர். இந்த ஊரை ஊராக்கியதில் வந்தேறிகளின் பங்கு சின்னதல்ல என்பதை உங்கள் தெருப் பெயர்ப்பலகைகளே சொல்லும்.

இன்னொரு கதை எனக்கு இன்னும் பிடிக்கும். 1883இல் இங்கிருந்து குளோஸ்டர்ஸ் வரைக்கும் தெருவில் சறுக்குவண்டிப் போட்டி வைத்தார்கள். நாலு கிலோமீட்டர். உலகத்தின் முதல் சர்வதேசச் சறுக்குவண்டிப் போட்டி என்று அதைத்தான் சொல்கிறார்கள். ஒன்பது நிமிடம் பதினைந்து செக்கனில் இரண்டு பேர் சேர்ந்து முதலாவதாக வந்தார்கள். ஒருவர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மாணவன். மற்றவர் குளோஸ்டர்ஸ் தபால்காரர். விருந்தாளியும் வேலைக்காரனும் ஒரே நேரத்தில், ஒரே தெருவில், ஒரே செக்கனில்! அந்தத் தபால்காரருக்குப் பாதை மனப்பாடம். தினமும் போய்வந்த வழி. நாங்களும் இந்த ஊரைத் தினமும் போய்வந்து மனப்பாடமாக வைத்திருப்பவர்கள்தான். பின்பக்கத்தை மட்டும்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் சமையற்காரன் மடலை முடிக்கமுடியாது.

உங்கள் குளிர்காலச் சாப்பாட்டு அட்டைகளை நான் விரும்பி வாசிப்பேன். எந்த மலைமேட்டில் மேய்ந்த மாட்டின் பால், எந்தப் பள்ளத்தாக்கில் காற்றில் காய்ந்த இறைச்சி, எந்த விவசாயியின் உருளைக்கிழங்கு என்று விலாவாரியாக இருக்கும். இறைச்சி எந்த நாட்டிலிருந்து வந்தது என்று எழுதியே ஆகவேண்டும், அது சட்டம். அதைச் சமைத்த கை எந்த நாட்டிலிருந்து வந்தது என்று எழுதத் தேவையில்லை. நம்முடைய கிரௌபுண்டன் மாகாணத்தின் பெருமையான கப்புன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். மா, முட்டை, பால், பொடியாக வெட்டிய காய்ந்த இறைச்சி, கொஞ்சம் பச்சிலை எல்லாம் குழைத்து, மங்கோல்ட் கீரை இலையில் ஒரு கரண்டி வைத்து, நாலு பக்கமும் மடித்து, விரல் நீளத்துக்குச் சுருட்டி, பால் கலந்த சாற்றில் மெல்ல அவிப்பது. ஊரில் அம்மம்மா இலைப்பணியாரம் மடித்த கைப்பழக்கம் எனக்கு இருந்ததால் முதல் நாளே சரியாக வந்துவிட்டது. இலை பிய்யாமல் இருக்க நடு நரம்பைக் கத்தியால் சீவிவிடவேண்டும்; அதைச் சீவும்போது பெருவிரல் நுனி பச்சையாகிவிடும், மூன்று நாளைக்குப் போகாது. ஒரு நல்ல சனிக்கிழமைக்கு நானூறு சுருட்டுவேன். விருந்தாளி ஒருவர் குசினி வாசலுக்கு வந்து, "இது என் பாட்டியின் கைமணம்" என்று சொன்னார். அந்தப் பாட்டி யாழ்ப்பாணம் என்று நான் சொல்லவில்லை.

மலூன்ஸ் என்று ஒன்று. அவித்த உருளைக்கிழங்கைச் சீவி, மாவைப் பிசிறி, வெண்ணெயில் அரை மணி நேரத்துக்கு மேல் மெல்லக் கிளறிக் கிளறி உதிர்ப்பது; அப்பிள் கூழோடு கொடுப்பார்கள். தலைமைச் சமையற்காரர் முதன்முதலாக அதைக் கிளறிக் காட்டியபோது, எனக்கும் பக்கத்தில் நின்ற மற்றத் தமிழ்ப் பெடியனுக்கும் ஒரே நேரத்தில் வாயில் வந்த சொல் 'புட்டு'. அவர் கோபித்துக்கொண்டார். பிறகு ஒரு நாள் ஊழியர் சாப்பாட்டுக்கு நாங்கள் உண்மையான புட்டு அவித்துக் கொடுத்ததும் சமாதானமாகிவிட்டார். சொல்லப்போனால், இந்த உயரத்தில் தண்ணீர் 95 பாகைக்கே கொதித்துவிடும். பருப்பு லேசில் அவியாது, சோறும் அடம்பிடிக்கும். அமுக்கச் சட்டி இல்லாமல் டாவோஸில் பருப்புக்கறி வைக்க நினைப்பவருக்கு என் அனுதாபம்.

பாலாடைக்கட்டியை உருக்கிச் செய்யும் ஃபொன்டூவை விடமுடியுமா? க்ரூயேர் பாதி, வஷ்ரான் பாதி, உள்ளி தேய்த்த மண்சட்டி, வெள்ளை வைன், கடைசியில் ஒரு சொட்டுக் கிர்ஷ் என்ற செர்ரிச் சாராயம். தொன்றுதொட்டு வந்த மலைநாட்டு மரபு என்று அதை விற்கிறீர்கள். 1930களிலிருந்து பாலாடைக்கட்டிச் சங்கம் செய்த விளம்பரத்துக்கு அதில் பெரிய பங்குண்டு என்பதும் உங்களுக்குத் தெரியும். 1999இல் கலைக்கப்படும்வரை அந்தச் சங்கம் சும்மா இருக்கவில்லை. இருக்கட்டும், ருசியான பொய் என்றால் நானும் சாப்பிடுவேன். ஆனால் சட்டி காலியானபின் அடியில் பிடித்திருக்கும் மொறுமொறு வட்டம் இருக்கிறதே, அதற்குப் பிரெஞ்சுக்காரர் 'கன்னியாஸ்திரி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். விருந்தாளி சுரண்டிச் சாப்பிட்டுவிட்டால் எங்களுக்குப் புண்ணியம். விட்டுவிட்டுப் போனால் அது கன்னியாஸ்திரி அல்ல, பேய். சுடுதண்ணீரை ஊற்றினால் இழுபட்டுக்கொண்டு தூரிகையெல்லாம் ஒட்டும். சட்டி சூடாக இருக்கும்போது பச்சைத்தண்ணீர் ஊற்றினால் வெடிக்கும். ஆறவிட்டு, பச்சைத்தண்ணீரில் ஊறவிட்டு, மரக்கரண்டியால் கிளப்பவேண்டும். அறுபது சட்டி. ஆற நேரம் வேண்டும், ஊற நேரம் வேண்டும், மலையடிவாரத்துக்குப் போகும் கடைசி ரயில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்காது.

ஒரு வருடம், டிசம்பர் 26க்கும் 31க்கும் இடையில், ஸ்பெங்லர் கிண்ண ஹொக்கிப் போட்டி நாட்களில் அதுதான் நடந்தது. 1923இலிருந்து நடக்கிற போட்டி. ஆட்டம் முடிந்து வந்தவர்கள் பிந்தியே இருந்தார்கள், பிந்தியே கேட்டார்கள். நாங்கள் வேலை செய்த உணவகத்தில் ஒருவருக்கும் 'இல்லை' என்று சொல்ல மனமில்லை. கடைசி ரயில் போய்விட்டது. சலவை அறையில் மேசைத்துணிக் குவியலின்மேல் படுத்தேன். சுத்தமான துணி, நல்ல சூடு, ஒரு குறையும் சொல்லமுடியாது. ஆனால் காலையில் என் முதுகில் பதிந்திருந்த தையல் கோட்டைப் பார்த்துச் சிரித்தவர்கள், நான் ஏன் அங்கே படுத்தேன் என்று கேட்கவில்லை. கடைசிச் சாப்பாட்டு ஓடரையும் கடைசி ரயிலையும் ஒரே தாளில் எழுதி ஒட்டுங்கள் என்று அன்றே கேட்டேன். இந்த மடலில் இரண்டாவது வேண்டுகோளாக அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குசினியில் போர்த்துக்கல் அக்கா ஒருவர் இருக்கிறார். கிரௌபுண்டனில் உங்கள் ஹோட்டல்களைத் தாங்கி நிற்பவர்களில் போர்த்துக்கேயர் முக்கியமானவர்கள். முதல் வாரம் அவர் யாரிடமோ தன் மொழியில் 'குசின்ய' என்று சொன்னது காதில் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். 'குசினி?' என்றேன். அப்புறம் அன்று முழுக்க வேலையே ஓடவில்லை. மேசை, கதிரை, யன்னல், சப்பாத்து, பாண், கோப்பை, துவாய், அலுமாரி, நான் காட்டக் காட்ட அவர் தன் சொல்லைச் சொல்லுகிறார், எல்லாம் ஒன்றுபோல. நானூறு வருடத்துக்கு முன் அவருடைய ஆட்கள் யாழ்ப்பாணத்தைப் பிடித்து வைத்திருந்தபோது விட்டுப்போன சொற்கள். ஆண்டவர்களும் ஆளப்பட்டவர்களும் கடைசியில் ஆல்ப்ஸ் மலையில் ஒரே தொட்டியில் கோப்பை கழுவுகிறோம் என்று சொன்னபோது அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

அலுமாரி என்று வந்ததும்தான் அவர் சிரிப்பு நின்றது. அவருடைய அப்பா அந்தக் காலத்துப் பருவகாலத் தொழிலாளி. 'ஏ' அட்டை, வருடத்தில் ஒன்பது மாதம்வரை வேலை, குடும்பத்தைக் கூட்டிவர அனுமதியில்லை. 1934இலிருந்து 2002வரை இருந்த சட்டம். பலர் பிள்ளைகளைக் களவாகக் கொண்டுவந்து, வெளியே விடாமல், சத்தம் போடாதே என்று அறைக்குள் வைத்திருந்தார்கள். 'அலுமாரிப் பிள்ளைகள்' என்று டொச்சிலேயே அதற்குச் சொல் உண்டு. அக்காவும் ஒரு குளிர்காலம் அப்படி இருந்திருக்கிறார். யன்னலுக்கு வெளியே மற்றப் பிள்ளைகள் பனியில் சறுக்குவதைத் திரைச்சீலை இடுக்கால் பார்த்தாராம். அவருக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. இன்னும் ஒருதரம்கூடச் சறுக்கியதில்லை. நேரமில்லை என்கிறார்.

எனக்கு நேரம் கிடைத்தது, ஒரே ஒருமுறை. 2020 டிசம்பர் 22 அன்று கொரோனாவுக்காக நாடு முழுவதும் உணவகங்களைப் பூட்டினார்கள். 2021 ஏப்ரல் 19 அன்றுதான் வெளிமேசைகளுக்காவது விட்டார்கள். மலை ஏற்றிகள் மட்டும் அந்தக் குளிர்காலத்தில் இந்த நாட்டில் பெரும்பாலும் ஓடின. பக்கத்து நாடுகள் முறைத்துப் பார்த்தன. குறைநேர வேலைத் திட்டத்தில் வீட்டில் இருந்தேன். வந்து இருபத்தொன்பது வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் குளிர்காலம். மகளுக்கு அப்போது பதினாறு. பள்ளிக்கூட ஸ்கீ முகாம்களில் பழகியவள். என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சறுக்குவண்டிப் பாதைக்குப் போனாள். 'டாவோசர்' என்று நாடு முழுக்கப் பெயர் சொல்லி விற்கும் அந்த மரவண்டியில்தான் ஏறினேன். இந்த ஊரின் பெயரைத் தாங்கிய வண்டியில் இந்த ஊரில் இத்தனை வருடம் வேலை செய்தவன் ஏறியது அதுதான் முதல் தடவை.

முதல் வளைவிலேயே கவிழ்ந்தேன். "காலைத் தட்டையா வையுங்கோ அப்பா, குதிக்காலைக் குத்தாதேங்கோ!" என்று பின்னால் கத்துகிறாள். குதிக்காலைக் குத்தினால் பனி முகத்தில் அடிக்கும், ஒன்றும் தெரியாது. இரண்டாவது வளைவில் பிடிபட்டது. மூன்றாவதில் நான் சத்தம் போட்டேன் என்று அவள் சொல்கிறாள். எனக்கு ஞாபகமில்லை. ஞாபகம் இருப்பது வேறு: கீழே வந்து நின்றபோது மேற்கே மலைக்குப் பின்னால் வெயில் போய்க்கொண்டிருந்தது, எதிர்ச்சரிவு முழுக்க ரோசாப்பூ நிறம், கைக்கடிகாரத்தில் மூன்று மணி நாற்பது. மாமூட்டைக்குப் பக்கத்தில் நான் படுத்திருக்கிற நேரம். ஒவ்வொரு நாளும் இந்த நேரத்தில் இங்கே இது நடந்துகொண்டிருந்திருக்கிறது.

விடுமுறை தருகிறோமே என்பீர்கள். தருகிறீர்கள், ஏப்ரலிலும் நவம்பரிலும், இரண்டு சீசனுக்கும் இடையில். அப்போது மலையில் சேறுதான். ஏற்றிகள் நிற்கும், கடைகளில் 'பூட்டியிருக்கிறது' என்று பலகை தொங்கும். பெப்ரவரியில் பிள்ளைகளுக்கு விளையாட்டு விடுமுறை வரும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பள்ளிக்கூடத்துக்கு நிலக்கரி மிச்சம் பிடிக்க விட்ட லீவு, பிறகு ஸ்கீ லீவாக நிலைத்துவிட்டது. நாடே குடும்பமாக மலைக்கு வருகிற அந்த வாரங்களில் என் மகளின் லீவு என்றால் எனக்கு ஆறு நாள் வேலை. அந்த வாரங்களில் லீவு கேட்கும் அளவுக்கு நான் விளங்காதவன் அல்ல. தை மாதம் உலகப் பொருளாதார மன்ற வாரத்திலும் கேட்கமாட்டேன். அந்த வாரம் தெருவைக் கடக்கவே அடையாள அட்டை வேண்டும். மற்ற வாரங்களில் அந்த மூன்று மணி நேரத்தைத்தான் கேட்கிறேன். அது ஏற்கெனவே எங்களுடையது. உங்களிடம் கேட்பது தளத்தை.

'யாராவது காலை முறித்துக்கொண்டால்?' இந்தக் கேள்வியை ஒரு முதலாளி என்னிடம் நேரிலேயே கேட்டார். வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் காப்புறுதி இருக்கிறது, அதற்கான பணம் மாதாமாதம் எங்கள் சம்பளத்தில்தான் வெட்டுப்படுகிறது. சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். உங்கள் உண்மையான பயம் காப்புறுதி அல்ல, சீசன் நடுவில் ஆள் இல்லாமல் போவது. அது நியாயமான பயம். ஆனால் எங்கள் குசினியில் கடந்த ஐந்து வருடத்தில் விழுந்து எலும்பு முறித்தவர்கள் இரண்டு பேர், இருவரும் எண்ணெய் சிந்திய ஓட்டுத் தரையில். ஐஸில் விழுகிறவனுக்குக் கையுறையாவது இருக்கும்.

ஸ்கீ மலைக்கு மேலே எங்களை இலவசமாக ஏற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள். அது செலவான விசயம், பழக நாளும் வேண்டும், ஆபத்தும் கூட. உங்கள் ஊரிலேயே இருக்கும் பனிச்சரிவு ஆய்வு நிலையம் குளிர்காலத்தில் ஒவ்வொரு நாளும் மாலை ஐந்து மணிக்கு ஆபத்தின் அளவை வெளியிடுகிறது, ஒன்றிலிருந்து ஐந்துவரை. எங்கள் தலைமைச் சமையற்காரரின் மனநிலையையும் நாங்கள் அதே அளவுகோலால்தான் அளக்கிறோம். மலையில் அதிகம் பேர் சாவது ஐந்தில் அல்ல, மூன்றில். ஐந்தென்றால் ஒருவனும் போகமாட்டான். குசினியிலும் அப்படித்தான்.

டிப்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. 1974இலிருந்து பரிமாறும் கூலி விலைக்குள்ளேயே சேர்க்கப்பட்டுவிட்டது, ஆனாலும் நல்ல மனதோடு மேலதிகமாக வைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அது மேசைக்கு வந்தவர்களோடு நின்றுவிடுகிறது, கதவைத் தாண்டி உள்ளே வருவது குறைவு. அதைப் பற்றிச் சண்டை பிடிக்க நான் வரவில்லை. அதை ஒரு வாரத்துக்கு ஒதுக்கிவைத்தாலே வாடகைச் சப்பாத்துச் செலவு தீர்ந்துவிடும் என்று மட்டும் கணக்குப் பார்த்திருக்கிறேன்.

எல்லாரும் சேர்ந்து முடிவெடுக்கக் காலமாகும், தெரியும். இந்த நாட்டில் ஒரு வாங்கைத் தள்ளி வைக்கவும் வாக்கெடுப்பு வேண்டும். ஆகவே பரீட்சார்த்தமாக ஒரு மாதம் பாருங்கள். ஜனவரி முதல் வாரம் விருந்தாளிகள் மலையிறங்கிப் போனபிறகு தொடங்கலாம். திங்கள் முதல் வியாழன் வரை போதும். எங்கள் பக்கத்தில் நான் ஆயத்தம் செய்துவிட்டேன். எங்கள் தெருவில் உள்ள நாலு குசினிகளிலும் ஒரு சலவைக்கூடத்திலும் போய்க் கேட்டு, வருகிறோம் என்றவர்களைக் கொப்பியில் எழுதியிருக்கிறேன். பத்தொன்பது பேர். பதினேழு பேர் முன்னே பின்னே சறுக்கியதில்லை, ஆகவே பிடித்துக்கொண்டு தள்ளும் அந்தச் சின்னப் பிள்ளைகளின் பென்குவின் பொம்மைகளும் நாலைந்து வேண்டும். வெட்கப்படமாட்டோம். சப்பாத்து அளவு: 37 இரண்டு, 39 மூன்று, 40 இரண்டு, 41 ஐந்து, 42 நாலு, 43 இரண்டு, 45 ஒன்று. 37 இரண்டில் ஒன்று போர்த்துக்கல் அக்காவுடையது. அவர் இன்னும் நேரமில்லை என்றுதான் சொல்கிறார், ஆனால் அளவைக் கேட்டபோது உடனே சொன்னார்.

இப்படிக்கு,
குசினிப் பக்கத்துக் கதவிலிருந்து
41ஆம் அளவுக்காரன் ஒருவன்